கிளாங்ல கெர்னல் கிராஸ் கம்பைல்: எந்த எரர் வந்தா எங்க பாக்கணும்

பினாங்குல பாயான் லெப்பாஸ், பிறை பக்கம் வேலை பாக்குறவங்க, நிபோங் திபால் பக்கம் தங்கிப் படிக்கிற பசங்கன்னு இப்ப நெறய பேரு ராஸ்பெர்ரி பை 4ங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்னு வாங்கி வச்சிக்கிட்டு அதுக்கு லினக்ஸ் கெர்னல சொந்தமா பில்ட் பண்ணிப் பாக்குறாங்க, அதுலயும் ஜிசிசி கம்பைலர விட்டுட்டு எல்எல்விஎம் ப்ராஜெக்டோட கிளாங் கம்பைலர்லதான் பண்ணணும்னு ஆசை. கம்பைலர்ங்கிறது சோர்ஸ் கோட சிபியு ஓட்டுற பைனரியா மாத்துற டூல்; ஒரு மெஷின்ல உக்காந்து வேற வகை சிபியுக்குக் கட்டுறதுதான் கிராஸ் கம்பைல். நல்ல ஆசைதான், நான் ஆதரிக்கிறேன். 2017ல வந்த பிக்ஸல் 2 போனோட கெர்னலே கிளாங்ல கம்பைல் பண்ணினதுதான், அதனால இது யாரோ ரெண்டு பேரு வெளையாட்டுக்குப் பண்ற வேலையில்ல. ஜிசிசின்னா ஒவ்வொரு டார்கெட்டுக்கும், அதாவது கோட் ஓடப் போற சிபியு வகைக்கும், ஒரு தனி கம்பைலர் எறக்கி வைக்கணும், கிளாங்ல ஒரே பைனரி எல்லா டார்கெட்டுக்கும் கோட் எழுதும், எந்த டார்கெட்னு சொன்னா போதும். ஆனா எரர் வந்தவுடனே கடைசி ரெண்டு வரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல போட்டு "அண்ணே கிளாங் சரியில்ல, ஜிசிசிக்கே போயிடவா"ன்னு கேக்குறாங்க பாருங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

கமாண்டு, ஆப்ஷன் பேரெல்லாம் தமிழ்ல எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. ஆர்ச், எல்எல்விஎம், கிராஸ்_கம்பைல், கான்ஃபிக்_ன்னு ஆரம்பிக்கிறது எல்லாமே பெரிய எழுத்து. லேப்டாப்புல உபுண்டு, எக்ஸ்86 சிபியு, போர்டு ஆர்ம்64ன்னு வச்சிக்கிறேன். சரியான கமாண்டு இதுதான்:

மேக் ஆர்ச்=ஆர்ம்64 எல்எல்விஎம்=1 பிசிஎம்2711_டிஃப்கான்ஃபிக்

மேக் ஆர்ச்=ஆர்ம்64 எல்எல்விஎம்=1 -ஜே8 இமேஜ் மாட்யூல்ஸ் டிடிபிஸ்

மொத வரி பை 4க்கான செட்டிங்க .கான்ஃபிக் ஃபைல்ல எழுதும். ரெண்டாவது வரி கெர்னல் இமேஜ், மாட்யூல் (கெர்னல்ல தனியா ஏறுற டிரைவர் மாதிரி துண்டு), டிடிபி (போர்டுல என்ன ஹார்ட்வேர் இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற ஃபைல்) மூனையும் கட்டும்.

எந்த எரர் வந்தாலும் மொதல்ல ஒரு கேள்வி: இப்ப ஓடின புரோகிராம் லேப்டாப்புக்கு வேல செய்யுதா போர்டுக்கு வேல செய்யுதா? கெர்னல் பில்ட் பண்ணும்போது போர்டுக்கு மட்டும்தான் கம்பைல் ஆகுதுன்னு நெனக்கிறோம், அது தப்பு. ஃபிக்ஸ்டெப், மாட்போஸ்ட், கான்ஃப்னு சின்னச் சின்ன டூல் எல்லாம் ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள லேப்டாப்புக்காக கம்பைல் ஆகி லேப்டாப்புலயே ஓடும், அந்த டூல்தான் மத்த வேலைய எல்லாம் நடத்தும். இந்த ரெண்டு பக்கமும் எங்கயாவது ஒன்னுல ஒன்னு கலந்துட்டா வர்ற எரர்தான் கீழ இருக்கிறதுல பெரும்பாலும், கம்பைலர் மேல உண்மையிலேயே தப்பு இருக்கிறது ரொம்ப அபூர்வம்.

இன்னொன்னு, கடைசி வரியப் பாக்காதீங்க. -ஜே8 போட்டா எட்டு வேல ஒன்னா ஓடும், ஒன்னு விழுந்த பிறகும் மத்தது முடியிற வரைக்கும் வரி வந்துக்கிட்டே இருக்கும், கடைசியில மேக் வந்து "எரர் 2"ன்னு சொல்றதுல ஒரு தகவலும் இல்ல. லாக்க ஒரு ஃபைல்ல எழுத விட்டு மேலேர்ந்து "எரர்:"னு தேடுங்க, இல்லாட்டி -ஜே1 போட்டு திரும்ப ஓட்டுங்க, விழுந்த எடத்துலயே நிக்கும்.

"-எம்லிட்டில்-எண்டியன் தெரியாத ஆப்ஷன்" இல்ல "-எம்ஏபிஐ=எல்பி64 செல்லாது, எம்எஸ், சிஸ்வி ரெண்டுதான் செல்லும்"

வரியோட ஆரம்பத்துல எந்தப் பேரு இருக்குன்னு பாருங்க, ஜிசிசின்னு இருக்கும். அதாவது ஆர்ச்=ஆர்ம்64 போட்டீங்க, எல்எல்விஎம்=1 போட மறந்துட்டீங்க, அதனால மேக் போயி லேப்டாப்போட சொந்த ஜிசிசிய எடுத்துக்கிட்டு ஆர்ம்64க்கான ஆப்ஷன அதுகிட்ட கொடுக்குது, எக்ஸ்86க்குன்னு கட்டின ஜிசிசிக்கு அது என்னன்னே தெரியாது. கிளாங் இன்னும் கிட்டவே வரல. ரெண்டு வேரியபிளையும் ஒவ்வொரு தடவையும் மேக் கூடவே ஒரே வரியில போடுங்க, புது டெர்மினல் தொறந்தா எக்ஸ்போர்ட் பண்ணினது போயிடும், பாதி பேருக்கு இப்படித்தான் மாட்டுது.

எல்எல்விஎம்=1ங்கிறது 5.7 கெர்னல்ல வந்தது. அதுக்கு முந்தின கெர்னல்னா சிசி=கிளாங், எல்டி=எல்டி.எல்எல்டி, ஏஆர்=எல்எல்விஎம்-ஏஆர்னு ஒவ்வொன்னா எழுதணும். 5.15லேர்ந்துதான் ஆர்ச்ச பாத்தே டார்கெட்ட அதுவா புரிஞ்சிக்கும், 5.15க்கு கீழ இருந்தா கிராஸ்_கம்பைல்=ஆர்ச்64-லினக்ஸ்-க்னு- கூடவே கொடுக்கணும், இதுல ஆர்ச்64ங்கிறது ரெண்டு 'ஏ'ல ஆரம்பிக்கும், கடைசியில இருக்கிற கோடும் வேணும். அத விட்டுட்டா கிளாங் எக்ஸ்86க்கே கம்பைல் பண்ணப் போகும், எக்ஸ்0, எக்ஸ்1ங்கிற ரிஜிஸ்டர் பேரே தெரியலன்னு நூறு வரி கொட்டும். அந்த மாதிரி ரிஜிஸ்டர் புகார் வந்தா வேற எதையும் தேடாதீங்க, டார்கெட் போய்ச் சேரல, அவ்வளவுதான்.

லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகள ஒன்னாச் சேக்குற டூல்) வந்து "எமுலேஷன் மோட் தெரியல"ன்னு சொல்லி கீழ எக்ஸ்86 பேரா வரிசையா போடுது

சிசி=கிளாங் மட்டும் போட்டிருப்பீங்க. அப்ப கம்பைலர் மட்டும்தான் மாறும், லிங்கர், ஆப்ஜெக்ட்காப்பி எல்லாம் லேப்டாப்போட க்னு டூலாவே இருக்கும், அதுக்கு ஆர்ம்64 பேசத் தெரியாது. எல்எல்விஎம்=1 போட்டா எல்லாம் மொத்தமா மாறும்.

"எல்டி.எல்எல்டி இல்ல", "எல்எல்விஎம்-ஏஆர் இல்ல", "சி கம்பைலர் ரொம்ப பழசு"

உபுண்டுல கிளாங் பேக்கேஜ் மட்டும் போட்டா பத்தாது, எல்எல்டி, எல்எல்விஎம் ரெண்டும் தனித்தனி பேக்கேஜ், மூனையும் போடுங்க. பழசுன்னு சொன்னா அதுவே உங்க வெர்ஷன், தேவையான வெர்ஷன் ரெண்டையும் அடுத்தடுத்த வரியில காட்டும்; கெர்னல் ட்ரீல, அதாவது சோர்ஸ் ஃபோல்டர்ல, ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள மின்-டூல்-வெர்ஷன்னு ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் இருக்கு, அதுலயும் பாத்துக்கலாம். 22.04 உபுண்டுல சும்மா போட்டா வர்றது கிளாங் 14, 24.04ல 18. ரெண்டு மூனு வெர்ஷன் ஒன்னா வச்சிருந்தா 5.18லேர்ந்து எல்எல்விஎம்=-18னு பின்னாடி நம்பர் போடலாம், எல்லா டூலயும் அந்த நம்பரோட எடுத்துக்கும். நடுவுல கோடு இருக்கு, கவனம்.

கான்ஃபிக் கேள்வியா கேட்டுக்கிட்டே இருக்கு

இது ரெண்டு வகை. ஜிசிசில ஒரு தடவ பில்ட் பண்ணிட்டு அதே ஃபோல்டர்ல கிளாங்குக்கு மாறினீங்கன்னா எல்டிஓ (லிங்க் பண்ணும்போது மொத்தமா ஆப்டிமைஸ் பண்றது) வேணுமா, சிஎஃப்ஐ வேணுமா, ஷேடோ கால் ஸ்டேக் (இது ரெண்டும் ஹேக்கிங் தடுக்கிற பாதுகாப்பு) வேணுமான்னு கொஞ்சம் கேள்வி வரும், ஏன்னா அதுல சிலது கிளாங் இருந்தாத்தான் தெரியுற ஆப்ஷன். இதுக்குப் பயப்பட ஒன்னுமில்ல, ஓல்ட்டிஃப்கான்ஃபிக் ஒரு தடவ ஓட்டினா எல்லாத்துக்கும் டிஃபால்ட் பதில் போட்டுக்கும். என்னைக் கேட்டா கம்பைலர் மாத்தினா ஃபோல்டரையும் மாத்திடுங்க, ஓ=னு போட்டு தனி பில்ட் ஃபோல்டர் கொடுத்தா ரெண்டும் கலக்கவே கலக்காது. சோர்ஸ் ட்ரீ சுத்தமா இல்ல, மிஸ்டர்ப்ராப்பர் (எம்ஆர்ப்ராப்பர்னு அடிக்கணும்) ஓட்டுன்னு சொன்னா அது சொல்றத கேளுங்க, ஆனா மிஸ்டர்ப்ராப்பர் .கான்ஃபிக் ஃபைலையும் அழிச்சிடும், முன்னாடியே காப்பி எடுத்து வச்சிக்கோங்க.

ரெண்டாவது வகை மோசம். இன்டெல் சிபியு, ஏஎம்டி சிபியுன்னு பைல இல்லாத விஷயத்த எல்லாம் கேட்டா, ஆர்ச் போடாம வெறும் மேக் அடிச்சிருக்கீங்க. என்டர் அமுக்கிக்கிட்டே போகாதீங்க, உடனே கன்ட்ரோல்-சி. அமுக்கிக்கிட்டே போயிருந்தா உங்க .கான்ஃபிக் எக்ஸ்86 கான்ஃபிக்கா மாறியிருக்கும். .கான்ஃபிக் ஃபைலோட மேல் வரிகளப் பாத்தா தெரிஞ்சிடும், "லினக்ஸ்/ஆர்ம்64"னு இருக்கா "லினக்ஸ்/எக்ஸ்86"னு இருக்கான்னு. அதுக்குக் கீழயே எந்த கம்பைலர், எந்த வெர்ஷன்னும் எழுதியிருக்கும். யாராவது உதவி கேட்டு வந்தா நான் மொதல்ல அனுப்பச் சொல்றது இந்த ஃபைலோட தலைப்பகுதியத்தான், பாதி கேஸு அதுலயே முடிஞ்சிடும்.

"ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் இல்ல", "ஜிஎல்ஃப் ஹெடர் இல்ல"

லேப்டாப்புல ஓடுற டூலுக்கு வேண்டியது இது, போர்டுக்கு இல்ல. ஆர்ம்64 லைப்ரரி தேடி அலையாதீங்க, சாதாரண லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், கூடவே ஃப்ளெக்ஸ், பைசன், பிசி. முடிஞ்சது.

"ஃபிக்ஸ்டெப்: எக்ஸெக் ஃபார்மட் எரர்"

இதுதான் மேல சொன்ன கேள்விக்கு நேரா பதில் சொல்ற எரர், அதனால கொஞ்சம் நின்னு பேசுறேன். பாயான் பாரு மாமாக் கடையில ஒரு தம்பி லேப்டாப்ப தொறந்து வச்சிக்கிட்டு காட்டினாரு, கெர்னல் நல்லா பில்ட் ஆகி பை போர்டு பூட்டும் ஆயிடுச்சு, யுஎஸ்பி வைஃபை டிரைவர் ஒன்னு மட்டும் தனியா கம்பைல் பண்ணணும், அதுக்கு மொத்த கெர்னல் ட்ரீயையும் பென்டிரைவ்ல போட்டு பைக்கு எடுத்துட்டுப் போயி அங்க மேக் அடிச்சிருக்காரு.

"அண்ணே, லேப்டாப்புல ஓடின அதே ட்ரீதான், ஒரு எழுத்துகூட மாத்தல."

"ஃபைல் கமாண்டு போட்டு ஃபிக்ஸ்டெப்ப பாருங்க தம்பி, என்ன சொல்லுது?"

"எல்ஃப் 64 பிட்... எக்ஸ்86-64."

"இப்ப எந்த மெஷின்ல ஓட்டுறீங்க?"

அதுக்கப்புறம் அவரே புரிஞ்சிக்கிட்டாரு. ட்ரீயோட சேந்து லேப்டாப்புக்காகக் கட்டின ஃபிக்ஸ்டெப்பும் பென்டிரைவ்ல ஏறி வந்துடுச்சு, பையோட ஆர்ம் சிபியுவால அத ஓட்ட முடியாது. பையிலயே மாட்யூல்ஸ்_ப்ரிபேர் ஓட்டி டூல மறுபடி கட்டிக்கலாம், ஆனா அப்ப பையில இருக்கிற கம்பைலர் வேறயா இருக்கும். கெர்னல் கிளாங்ல கட்டினது, மாட்யூல் ஜிசிசில கட்டினா "கெர்னல் கட்டின கம்பைலரும் இதுவும் வேற"ன்னு மேக்கே எச்சரிக்கும், அத அலட்சியம் பண்ணாதீங்க, எல்டிஓ, சிஎஃப்ஐ மாதிரி கிளாங் ஆப்ஷன் ஆன் பண்ணியிருந்தா ஜிசிசி மாட்யூல் அதோட ஒத்துப் போகாது. டிரைவரையும் லேப்டாப்புலயே, அதே ஆர்ச் அதே எல்எல்விஎம்=1 போட்டு, எம்=னு டிரைவர் ஃபோல்டர காட்டி கட்டுறதுதான் சரி. கட்டின .கோ (கே, ஓ) ஃபைல், அதாவது மாட்யூல், ஒன்ன மட்டும் போர்டுக்கு அனுப்புங்க.

வெளிய கெடைக்கிற டிரைவரோட மேக்ஃபைல்ல ஜிசிசிக்குன்னே எழுதின ஆப்ஷன் இருக்கும், கிளாங் "இந்த வார்னிங் ஆப்ஷன் தெரியல"ன்னு சொல்லும். அது சும்மா வார்னிங்தான், ஆனா கெர்னல்ல கான்ஃபிக்_டபிள்யூஎரர் ஆன்ல இருந்தாலோ டிரைவரே -டபிள்யூஎரர் போட்டிருந்தாலோ அது எரரா மாறி நிக்கும். டிரைவர் மேக்ஃபைல்லேர்ந்து அந்த ஆப்ஷன தூக்குங்க. கெர்னல் முழுசுக்கும் வார்னிங்க மூடி வைக்கிறது எனக்குப் பிடிக்காது, கிளாங் சொல்ற வார்னிங்ல உண்மையான பக் மாட்டியிருக்கிறத நெறய பாத்திருக்கேன்.

இப்பத்தான் கிட்ல எடுத்தேன், ஒன்னுமே தொடல, ஆனா கிட் ஸ்டேட்டஸ்ல பத்து பதினஞ்சு ஃபைல் மாறியிருக்குன்னு வருது

விண்டோஸ்க்குள்ள லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல் வச்சி சி டிரைவ்ல, அதாவது /எம்என்டி/சிக்குள்ள எடுத்திருக்கீங்க. கெர்னல் ட்ரீல நெட்ஃபில்டர் பக்கம் ஒரே பேரு சின்ன எழுத்துல ஒரு ஃபைல், பெரிய எழுத்துல இன்னொரு ஃபைல்னு ரெண்டு ரெண்டா இருக்கு, எக்ஸ்டி_டிசிபிஎம்எஸ்எஸ் அதுல ஒன்னு. விண்டோஸ் டிரைவுக்கு ரெண்டும் ஒன்னு, ஒன்னு மேல ஒன்னு எழுதிடும். மேக்புக்லயும் இதே கதைதான். ட்ரீய லினக்ஸ் பக்கம் ஹோம் ஃபோல்டருக்குள்ள புதுசா எடுங்க, வேகமும் நல்லா கூடும். ஃபோல்டர் பேருல ஸ்பேஸ் விடாதீங்க, "ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்"னு ஃபோல்டர் வச்சா பில்ட் ஆரம்பத்துலயே நின்னுடும்.

லிங்க் ஆகும்போது "பிசிஎம்பி இல்ல", "எஸ்டிபிசிபிஒய் இல்ல", "டபிள்யூசிஎஸ்லென் இல்ல"

எனக்கு ரொம்பப் பிடிச்ச எரர் இது. இதுலதான் கிளாங் எப்படி யோசிக்குதுன்னு தெரியும். சோர்ஸ் முழுக்கத் தேடினாலும் அந்தப் பேர யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க, அப்புறம் எப்படி லிங்கர் கேக்குது? கம்பைலர்தான் உள்ள மாத்தி எழுதியிருக்கு. மெமரில ரெண்டு பகுதிய ஒப்பிடுற மெம்சிஎம்பிய கூப்பிட்டு பதில் சைபரா இல்லயான்னு மட்டும் பாத்தா, எது பெருசு எது சின்னதுன்னு கண்டுபிடிக்கிற வேல மிச்சம், அதனால அந்த அழைப்ப பிசிஎம்பியா மாத்திடும். எஸ்பிரிண்ட்எஃப்ல வெறும் ஒரு ஸ்ட்ரிங்க மட்டும் எழுதச் சொன்னா எஸ்டிபிசிபிஒய்யா மாத்திடும். 16 பிட் எழுத்த ஒன்னொன்னா எண்ணுற லூப்ப பாத்தா இது டபிள்யூசிஎஸ்லென் பண்ற வேலதானேன்னு அத கூப்பிட்டுடும். சாதாரண புரோகிராமுக்கு இது நல்ல ஆப்டிமைசேஷன், ஏன்னா அந்த ஃபங்ஷன் எல்லாம் சி லைப்ரரில இருக்கும். கெர்னலுக்குள்ள சி லைப்ரரி கெடையாதே, லிப் ஃபோல்டர்ல கெர்னல் தானே எழுதி வச்சிருக்கிற ஃபங்ஷன் மட்டும்தான்.

பிசிஎம்பி பிரச்சினை 2019ல வந்துச்சு, 5.1 கெர்னல்ல லிப் ஃபோல்டர்ல ஒரு பிசிஎம்பிய எழுதிச் சேத்தாங்க. எஸ்டிபிசிபிஒய் 2020ல, அதுக்கும் அதே வைத்தியம். டபிள்யூசிஎஸ்லென் 2025ல, அதுக்கு ஃபங்ஷன் எழுதாம "இத நீயா உண்டாக்காத"ன்னு கம்பைலருக்கு ஒரு -எஃப்நோ-பில்டின் ஆப்ஷன் கொடுத்தாங்க. மூனுலயும் நடந்தது ஒன்னுதான், கெர்னல் பழசு, கம்பைலர் அத விடப் புதுசு. அதனால இது வந்தா கிளாங்க பழைய வெர்ஷனுக்கு எறக்காதீங்க, மொதல்ல அதே கெர்னல் சீரீஸ்ல கடைசியா வந்த ஸ்டேபிள் வெர்ஷனுக்குப் போங்க, பேட்ச் அங்க வந்திருக்கும். போர்டு விக்கிறவன் கொடுத்த பழைய 4.x கெர்னல்தான் வேணும், மாத்த முடியாதுன்னா, அதுக்கு அந்தக் காலத்து கம்பைலரே போட்டுக்கோங்க, புது கிளாங்கோட மல்லுக்கட்டுறதுல உங்க வாரக் கடைசிதான் வீணாப் போகும்.

ஃபங்ஷன் பேரு __யுடிவ்டிஐ3 மாதிரி ரெண்டு கோட்டுல ஆரம்பிச்சா அது வேற விஷயம், 32 பிட் டார்கெட்ல யாரோ 64 பிட் நம்பர நேரா வகுத்திருக்காங்க, அந்த டிரைவர்ல டிவ்_யு64 போட்டு திருத்தணும்.

அசெம்ப்ளி ஃபைல்ல மட்டும் எரர், "தெரியாத டைரக்டிவ்", "செல்லாத இன்ஸ்ட்ரக்ஷன்"

கிளாங்குக்குள்ளயே ஒரு அசெம்ப்ளர் இருக்கு, 5.15லேர்ந்து எல்எல்விஎம்=1 போட்டா டிஃபால்ட்டா அதத்தான் எடுக்கும், க்னு அசெம்ப்ளர் கண்டுக்காம விடுற பழைய எழுத்து வழக்க எல்லாம் இது ஒத்துக்காது. பழைய ட்ரீனா எல்எல்விஎம்_ஐஏஎஸ்=0 போடுங்க, ஆனா அப்ப க்னு அசெம்ப்ளர் வேணும், ஆர்ம்64க்கான பினுட்டில்ஸ் பேக்கேஜ எறக்கி கிராஸ்_கம்பைலையும் கொடுக்கணும். இத மறந்தா லேப்டாப் அசெம்ப்ளர் போயி ஆர்ம் இன்ஸ்ட்ரக்ஷன படிக்கப் பாக்கும், மறுபடியும் மொத கேள்விக்கே வந்து நிப்பீங்க.

"கில்ட்"னு ஒரு வார்த்த வந்து நின்னுடுச்சு, இல்ல கிளாங்கே கிராஷ் ஆகுது

கில்ட்னா லேப்டாப்புல ரேம் தீந்துடுச்சு, டிமெஸ்ஜி பாத்தா அவுட் ஆஃப் மெமரின்னு இருக்கும். முழு எல்டிஓ போட்டா மொத்த கெர்னலையும் ஒரே மூச்சுல லிங்க் பண்ணும், 8 ஜிபி லேப்டாப்புக்கு அது ஆகாது, தின் எல்டிஓவுக்கு மாத்துங்க இல்ல எல்டிஓவே வேணாம்னு விடுங்க. -ஜே நம்பரையும் கொறைங்க.

கிராஷ்னா கேக்க வேண்டியது, ஒவ்வொரு தடவையும் அதே ஃபைல்லயா, வேற வேற ஃபைல்லயா? அதே ஃபைல்னா கம்பைலர் பக்தான், கிளாங்கே /டெம்ப்ல ரெண்டு ஃபைல் எழுதி வச்சிட்டு ரிப்போர்ட் பண்ணச் சொல்லும், தயவு செஞ்சு பண்ணுங்க, அந்த ரெண்டு ஃபைல் இருந்தா அவங்களால அத மறுபடி வர வச்சுப் பாக்க முடியும். வேற வேற ஃபைல்னா உங்க ரேம் இல்ல சூடு. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏர்கான் இல்லாத ரூம்ல மெத்த மேல லேப்டாப்ப வச்சி -ஜே16 ஓட்டினா நம்ம ஊரு வெயிலுக்கு எந்த மெஷினும் தாங்காது. மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓட விட்டுப் பாருங்க.

மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் நல்லா முடிஞ்சது, எஸ்டி கார்டுல ஒன்னுமே இல்ல

லேப்டாப்போட சொந்த /லிப்/மாட்யூல்ஸ்ல போய்ப் பாருங்க, பையோட மாட்யூல் எல்லாம் அங்க உக்காந்திருக்கும். எக்ஸ்போர்ட் பண்ணின வேரியபிள சுடோ தூக்கிப் போட்டுடும், இன்ஸ்டால்_மாட்_பாத் காணாமப் போனா மேக்குக்கு தெரிஞ்ச எடம் அந்த மெஷினோட ரூட்தான். சுடோ மேக் ஆர்ச்=ஆர்ம்64 எல்எல்விஎம்=1 இன்ஸ்டால்_மாட்_பாத்=கார்டு மவுண்ட் ஆன எடம்னு மேக்குக்குப் பின்னாடியே எழுதுங்க. லேப்டாப்புல தப்பா போன ஃபோல்டர பேரப் பாத்து மட்டும் அழிங்க, அவசரத்துல லேப்டாப் கெர்னலோட மாட்யூல அழிச்சிடாதீங்க.

போர்டு எழும்பவே இல்ல

பச்ச லைட்ட பாருங்க. ஏழு தடவ சின்னதா கண்ணு சிமிட்டி நிறுத்தி திரும்ப ஏழு தடவைனா கெர்னல் இமேஜ் கெடைக்கலன்னு அர்த்தம், நாலு தடவைனா ஸ்டார்ட் எல்ஃப் ஃபைல் கெடைக்கல. பை 4ல 64 பிட் கெர்னல் பேரு கெர்னல்8.இமேஜ், எழுதும்போது ஐஎம்ஜின்னு முடியும். ஆர்ச்/ஆர்ம்64/பூட்ல இருக்கிற இமேஜ் ஃபைல அந்தப் பேருல வைக்கணும். பழைய கெர்னல் மேல எழுதாதீங்க, புதுசுக்கு வேற பேரு வச்சி கான்ஃபிக்.டெக்ஸ்ட் (டிஎக்ஸ்டின்னு முடியும்) ஃபைல்ல கெர்னல்=னு அந்தப் பேர கொடுங்க, கெட்டுப் போனா ஒரு வரிய அழிச்சா போதும். டிடிபி ஃபைலும் ஓவர்லேஸ் ஃபோல்டரும் அதே பில்ட்லேர்ந்து போகணும்.

லைட் ஒழுங்கா இருக்கு, ஸ்க்ரீன்ல ஒன்னுமில்லன்னா இனிமே ஸ்க்ரீன நம்பாதீங்க, சீரியல் கேபிள் ஒன்னு வாங்குங்க. யுஎஸ்பிலேர்ந்து டிடிஎல்னு கேட்டா கெடைக்கும், சில வெள்ளிதான். ஜம்பர் 3.3 வோல்ட்ல இருக்கணும், 5 வோல்ட்ல வச்சா பின்னு போயிடும். பை போர்டுல 6வது பின் கிரவுண்ட், 8வது பின் அனுப்புறது, 10வது பின் வாங்குறது; கேபிளோட ஆர்எக்ஸ் 8ல, டிஎக்ஸ் 10ல, குறுக்கா மாட்டணும். கேபிளோட சிவப்பு ஒயர எங்கயும் மாட்டாதீங்க, போர்டுக்கு அதோட சொந்த சார்ஜர் இருக்கு. கான்ஃபிக்.டெக்ஸ்ட்ல எனேபிள்_யுவார்ட்=1, வேகம் 115200. அதுலயும் ஒன்னும் வரலன்னா சிஎம்டிலைன்.டெக்ஸ்ட்ல இயர்லிகான் போடுங்க, கன்சோல் டிரைவர் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற வரியக்கூட காட்டும்.

போர்டா கம்பைலரான்னு சந்தேகம் தீரலன்னா, அதே கிளாங்குல ஆர்ம்64ஓட வெறும் டிஃப்கான்ஃபிக்ல ஒரு கெர்னல் கட்டி க்யுஇஎம்யுங்கிற எமுலேட்டர்ல விர்ட் மெஷின்ல ஓட்டுங்க. வரி வரியா ஓடி கடைசியில "ரூட் ஃபைல்சிஸ்டம் மவுண்ட் பண்ண முடியல, அன்நோன்-பிளாக்(0,0)"னு பேனிக் ஆனா நல்ல சேதி, டிஸ்க்கே கொடுக்காம ஓட்டினா அப்படித்தான் முடியணும், கம்பைலர் அதோட வேலைய சரியா செஞ்சிடுச்சு.

இதே பேனிக் பையில வந்தா அடைப்புக்குள்ள இருக்கிற நம்பர படிங்க. (0,0)னா டிஸ்க்கே தெரியல, ரூட்=ல என்ன எழுதியிருக்கீங்கன்னு பாருங்க. (179,2)ன்னா எஸ்டி கார்டு, ரெண்டாவது பார்ட்டிஷன் வரைக்கும் கண்டுபிடிச்சிடுச்சு, ஆனா படிக்கத் தெரியல, கார்டோட ஃபைல்சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 கெர்னலுக்குள்ள இல்லாம மாட்யூலா இருக்கும். "இனிட் ஓட்ட முடியல, எரர் -8"னா ஃபிக்ஸ்டெப் கேஸோட மறுபக்கம், இந்த தடவ லேப்டாப்புக்குக் கட்டின பிஸிபாக்ஸ் (அடிப்படை லினக்ஸ் கமாண்டெல்லாம் சேந்த ஒரே புரோகிராம்) போர்டுக்குப் போயிருக்கு.

பூட் ஆயிடுச்சு, வைஃபை மட்டும் இல்லன்னா யுனேம் -ஆர் அடிச்சு வர்ற பேரும் /லிப்/மாட்யூல்ஸ்ல இருக்கிற ஃபோல்டர் பேரும் ஒன்னான்னு பாருங்க. நடுவுல ஒரு ஃபைல திருத்தினா கிட் பாத்துட்டு பேரு பின்னாடி ஒரு கூட்டல் குறியோ டர்ட்டின்னோ சேக்கும், இமேஜ் ஒரு பேருலயும் மாட்யூல் ஒரு பேருலயும் போய் நிக்கும். ரெண்டையும் ஒரே பில்ட்லேர்ந்து திரும்பப் போடுங்க.

கெர்னல் சரி, பிஸிபாக்ஸ கிளாங்ல கட்டினா "பிட்ஸ்/லிப்சி-ஹெடர்-ஸ்டார்ட் இல்ல", "-எல்ஜிசிசி இல்ல"

கெர்னலுக்கு சி லைப்ரரி வேணாம், அதனால வெறும் கிளாங் போதும். யூசர் புரோகிராமுக்கு ஆர்ம்64க்கான சி லைப்ரரியும் ஹெடரும் வேணும், அத கிளாங் கூடவே கொண்டு வராது. மொத எரர் லேப்டாப்போட ஸ்டிடிஐஓ ஹெடர படிச்சிட்டு பாதியில முழிக்கிறது. லிப்சி6-டெவ்-ஆர்ம்64-கிராஸ், ஜிசிசி-ஆர்ச்64-லினக்ஸ்-க்னு ரெண்டு பேக்கேஜையும் போட்டா கிளாங் அந்த ஃபோல்டர தானே கண்டுபிடிச்சு எடுத்துக்கும், ரெண்டாவது எரரும் அதோட போயிடும், ஏன்னா லிப்ஜிசிசியும் அங்கதான் இருக்கு. ஜிசிசி வாசனையே வேணாம்னா --சிஸ்ரூட் கொடுத்து --ஆர்டிலிப்=கம்பைலர்-ஆர்டி, -எஃப்யூஸ்-எல்டி=எல்எல்டி போடணும், ஆனா ஆர்ம்64க்கு கம்பைலர்-ஆர்டிய தனியா கட்டி வைக்கணும். மொத தடவ பண்றவங்க பேக்கேஜ் வழியிலயே போங்க. கட்டி முடிச்சதும் கார்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஃபைல் கமாண்டு போட்டு ஆர்ம் ஆர்ச்64னு வருதான்னு பாத்துட்டு அனுப்புங்க, பூட் ஆனதும் /ப்ராக்/வெர்ஷன தொறந்தா கிளாங், எல்எல்டி ரெண்டு பேரும் அங்க இருக்கணும்.